பெருவிரல் தேய்ந்த கண்ணப்பன்

தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, சித்தூரிலிருந்து பஸ் மாறி வந்திருக்கும் கண் டாக்டர் அம்மா அவர்களே, மைக்செட்டுக்குக் காசு வாங்காத தம்பி அவர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நகரிப் பெருமக்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் ஒருவரை விட்டுவிட்டு, இன்னும் அவர் தெருப்பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறேன்.

‘பழைய அச்சுப் படங்களில் உடல் வேதனை’ என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். மூன்று படங்கள் சொல்கிறேன். ஜெர்மன் ஓவியர் டியூரர் 1511-இல் மரக்கட்டை அச்சில் வெளியிட்ட ஏசுவின் பாடுகள். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1653-இல் செப்புத் தகட்டில் கீறிய மூன்று சிலுவைகள். நம் காளத்திக் கண்ணப்பன். டியூரர் படத்தில் ரத்தம்கூடக் கறுப்புக் கோடுதான். மற்றதை அப்புறம் சொல்கிறேன்.

ரவிவர்மா 1894-இல் பம்பாயில் கல் அச்சுக்கூடம் தொடங்கினார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல். அதன் பிறகுதான் சாமி படம் சிவப்பும் மஞ்சளுமாகக் கூரை வீடுகளுக்கும் வந்தது. எங்கள் தறிக்கூடத்திலும் ஒரு கண்ணப்பன் மாட்டியிருந்தது. சாமியின் கண்ணில் ரத்தம் வந்ததற்குத் தன் ஒரு கண்ணைப் பிடுங்கி அப்பியாயிற்று. சாமியின் அடுத்த கண்ணிலும் ரத்தம். தன் இன்னொரு கண்ணையும் எடுத்துவிட்டால் இடம் தெரியாதே என்று, அடையாளத்துக்குச் சாமியின் கண்மேல் காலை ஊன்றி நிற்கிறான், கையில் அம்பு. முகத்தில் மட்டும் வலியே இல்லை. ஊனுக்கு ஊன், அதாவது சதைக்குச் சதைதான் மருந்து என்ற பழமொழி, முதல் கண்ணில் ரத்தம் வந்தபோதே அவனுக்கு ஞாபகம் வந்ததாம்.

என் ஆயாவுக்குக் கருவிழியில் புண் வந்து, ஆறி, வெள்ளை விழுந்துவிட்டது. பார்வை இல்லை. காலையில் குளித்ததும் சுவரைத் தடவிக்கொண்டே வந்து படத்தைத் தொடும். “கால் எங்கடா இருக்கு?” என்று கேட்கும். நான்தான் விரலைப் பிடித்து வைப்பேன். குடியாத்தத்து மாமா ஒருமுறை, “சாமி மேல காலை வச்சிருக்கான், இதைப் போய்க் கும்பிடறியே அத்தை” என்றார். ஆயா விடவில்லை. “கண்ணு இல்லாதவளுக்குத்தாண்டா அந்தக் கால் எதுக்குன்னு தெரியும்” என்றது. மாமா அன்று காபி குடிக்காமலே கிளம்பிவிட்டார். தொட்டுத் தொட்டு அந்தப் பெருவிரல் தேய்ந்து வெள்ளைக் காகிதம் தெரிந்தது. நான் பள்ளிக்கூட மையால் வரைந்து வைத்தேன். நீலப் பெருவிரல்.

ஆயாவுக்கு வேண்டியிருந்தது ஒரு கருவிழி. ஊனுக்கு ஊன். அன்று கொடுக்க ஆளில்லை, கேட்க எங்களுக்கும் தெரியவில்லை. இன்று கண்ணப்பன் மாதிரி உயிரோடு தோண்ட வேண்டாம். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் வீட்டார் சொல்லி அனுப்பினால் போதும். கண்ணாடி போட்டவரும் கொடுக்கலாம், கண்புரை ஆபரேஷன் ஆனவரும் கொடுக்கலாம். ஒருவர் கொடுத்தால் இரண்டு பேருக்குப் பார்வை.

ரெம்பிராண்ட் பாக்கி இருக்கிறார். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், சரி. கண்தான விண்ணப்பம் டாக்டர் அம்மாவின் மேஜையில் இருக்கிறது. ஊனுக்கு ஊன்! பேனாவை நூலில் கட்டியிருக்கிறோம், கையெழுத்துப் போட்டதும் அங்கேயே விட்டுவிடுங்கள்.