அரியர் ஒன்று, புதுப் பேப்பர் ஆறு: மூன்றாம் செமஸ்டரை எங்கே தொடங்குவது?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மனதிலேயே நின்றுவிட்டது. கேட்டவர் மெக்கானிக்கல் மாணவர், அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி, 2021 ரெகுலேஷன் பாடத்திட்டம். "சார், மூன்றாம் செமஸ்டர் ஆரம்பித்துவிட்டது. தியரி ஆறு, லேப் இரண்டு, கூடவே எம்-ஒன் அரியர். எந்தப் பேப்பரை முதலில் எடுப்பது? அரியரை எப்போது படிப்பது?"

தம்பி, அரியரை, அதாவது தேறாமல் பாக்கி நிற்கிற பேப்பரை, தனிச் சுமையாக ஒதுக்கி வைக்காதீர்கள். எம்-ஒன், அதாவது முதல் செமஸ்டர் கணக்குப் பேப்பரின் சிலபஸை எடுங்கள். மூன்றாவது யூனிட்டில் பார்ஷியல் டெரிவேட்டிவ் இருக்கிறது, நான்காவதில் இன்டக்ரேஷன். இப்போது இந்த செமஸ்டரின் கணக்குப் பேப்பரை, நீங்கள் டி.பி.டி.இ. என்று சொல்வீர்களே அந்த டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸை, பக்கத்தில் வையுங்கள். முதல் யூனிட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன். இரண்டாவது ஃபூரியர் சீரீஸ். அதில் ஏ-என், பி-என் என்ற கெழுக்களைக் கண்டுபிடிக்கிற வேலை முழுக்க இன்டக்ரேஷன்தான். எக்ஸ் ஸ்கொயரைக் காஸ் என்எக்ஸால் பெருக்கி, பெர்னூலி சூத்திரம் போடும்போது ஒரு மைனஸ் மாறினால் கடைசி வரை தப்பு. அதனால் எம்-ஒன்னில் மூன்றாவது, நான்காவது யூனிட்டை இப்போதே, டி.பி.டி.இ. வகுப்போடு சேர்த்துப் படியுங்கள். ஒரே உழைப்பு, இரண்டு பேப்பருக்கும் ஆகும்.

ஃபூரியர் என்ற கணித அறிஞர் இந்த சீரீஸுக்கு வந்ததே வெப்பம் எப்படிப் பரவுகிறது என்ற கேள்வியால்தான். 1822-ல் வெளியான அவருடைய புத்தகமே வெப்பத்தைப் பற்றியது. மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளைக்கு இதைவிடச் சொந்தமான கணக்கு கிடையாது.

சரி, அடுத்து நான் சொல்லப்போவது வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அன்றைக்கு வகுப்பில் போட்ட கணக்கை அன்றைக்கே, நோட்டை மூடி வைத்துவிட்டு, மறுபடி போடுங்கள். ஒரு பேப்பருக்கு ஒரே ஒரு கணக்கு போதும். 2021 ரெகுலேஷனில் தியரிக்குக் கல்லூரியிலேயே போடும் இன்டர்னல் மார்க் 40, பல்கலைக்கழகத் தேர்வு 60. அந்த 40 செமஸ்டர் நடக்கும்போதே சேருகிறது, ஸ்டடி லீவில் உட்கார்ந்து அதைச் சம்பாதிக்க முடியாது. லேப் விஷயமும் அப்படித்தான். அப்சர்வேஷனில் அன்றே கையெழுத்து, ரெக்கார்டு அந்த வாரமே.

எந்தப் பேப்பரை முதலில் எடுப்பது என்று கேட்டீர்கள். எந்தப் பேப்பர் கண்ணைத் திறக்கும் என்று கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். இந்த செமஸ்டரின் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ்தான், விசைகளைப் பற்றிய பேப்பர்.

என் வகுப்பில் ஒரு பையன், நன்றாக எழுதக்கூடியவன். சுவரில் சாய்த்த ஏணிக் கணக்கை அப்படியே மனப்பாடம் செய்து வந்திருந்தான். கேள்வியில் சுவர் வழுவழுப்பானது என்று இருந்தது, அதாவது அங்கே உராய்வே கிடையாது. அவன் சுவரிலும் உராய்வு விசைக்கு ஓர் அம்பு போட்டிருந்தான். அன்று வராந்தாவில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவனைக் கூட்டிப்போய் அவர்களுடைய ஏணி முன்னால் நிற்க வைத்தேன். பெயின்டர் அண்ணன் மேலே ஏற ஏற, கீழே இன்னொருவர் ஏணியின் காலை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். ஏன் பிடிக்கிறார் என்று கேட்டேன். "வழுக்கிடும் சார்" என்றான். பாதி ஏறும்போது வழுக்காதது மேலே போனால் ஏன் வழுக்க வேண்டும்?

இப்போது படம் போடுவோம். சுவர் வழுவழுப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏணியின் எடை, ஆளின் எடை, தரையின் நார்மல் ரியாக்ஷன் (தரை நேர் மேலே தள்ளும் விசை), தரையின் உராய்வு, சுவரின் நார்மல் ரியாக்ஷன். ஐந்தே அம்புகள். தரையின் நார்மல் ரியாக்ஷன் என்பது ஏணி, ஆள் இருவரின் எடை. ஆள் எங்கே நின்றாலும் அது மாறாது. அப்படியானால் தரை கொடுக்கக்கூடிய அதிகபட்ச உராய்வும் மாறாது. ஆனால் ஏணியின் காலை மையமாக வைத்து மொமென்ட், அதாவது விசைகளின் திருப்பு விளைவை, எடுத்துப் பாருங்கள். ஆள் மேலே போகப் போக சுவரின் தள்ளல் கூடுகிறது. அதைச் சமன் செய்ய வேண்டியது தரையின் உராய்வு மட்டும்தான். கிடைப்பது அதே அளவு, தேவை ஏறிக்கொண்டே போகிறது. தேவை மிஞ்சுகிற இடத்தில் ஏணி வழுக்கும். கீழே நிற்பவர் கையால் கொடுப்பது உராய்வு போதாமல் போகிற அந்த மிச்சத்தைத்தான்.

அந்தப் பையன் வராந்தாவிலேயே, தரையில் சாக்பீஸால் படத்தைத் திரும்பப் போட்டான். சுவரில் அந்த அம்பு இல்லை. அதற்குப் பிறகு எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் முதலில் எல்லா விசைகளையும் அம்புகளாகக் காட்டும் ஃப்ரீ பாடி டயக்ராம் போடுவான், அப்புறம்தான் சமன்பாட்டுக்குப் போவான். நோட்டை மூடிவைத்துப் போடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்தப் பழக்கம் வருவதற்காகத்தான்.

தம்பி, இன்று இரவு இதை மட்டும் செய்யுங்கள். அதே ஏணி, ஆனால் இந்தத் தடவை சுவரும் சொரசொரப்பு. தெரியாத விசைகள் நான்காகிவிடும், நம்மிடம் சமன்பாடு மூன்றுதான். எங்கே மாட்டிக்கொள்கிறீர்கள் என்று பாருங்கள், அடுத்த வாரம் அந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன்.