கடைசி வரியில் இருப்பவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் பிறந்தால் டெல்லியில் குளிரும் நாடாளுமன்றத்தின் குளிர்காலக் கூட்டத்தொடரும் சேர்ந்தே வரும். தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்காகப் பல ஆண்டுகள் அங்கே செய்தியாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். தொடரின் கடைசி நாளில் எங்கள் மாடம் பாதி காலியாகிவிடும். பெரிதாகச் செய்தி எதுவும் வராது, ஊருக்கு ரயில் ஏறும் நினைப்புதான் எல்லோருக்கும். மக்களவைத் தலைவர் இத்தனை அமர்வுகள், இத்தனை மணி நேரம், இத்தனை மசோதாக்கள் என்று கணக்கு வாசிப்பார். அப்புறம் நன்றி. பிரதமருக்கு, கட்சித் தலைவர்களுக்கு, தாம் இல்லாதபோது அவையை நடத்திய மாற்றுத் தலைவர்களுக்கு, பத்திரிகைக்காரர்களுக்கு. கடைசியில் செயலக அதிகாரிகளுக்கும் ஊழியர்களுக்கும், கூடவே ‘சார்ந்த பிற அமைப்புகளுக்கும்’. வந்தே மாதரம் ஒலிக்கும். அவை காலவரையறையின்றி ஒத்திவைக்கப்படும்.

முழுதாக வாசித்தாலே சில நிமிடங்கள்தான். அமளியில் முடிகிற தொடர் என்றால் அதுவும் சுருங்கிப்போகும். அந்தப் பட்டியலின் கடைசி வரியில் இருப்பவர்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அவையின் நடுவே, தலைவரின் இருக்கைக்குக் கீழே ஒரு மேசை இருக்கும். அதில் உட்கார்ந்திருப்பவர்களை உறுப்பினர் என்று நினைத்துக்கொண்ட பார்வையாளர்கள் உண்டு. அவர்கள் அவையின் அதிகாரபூர்வ நிருபர்கள், அதாவது சுருக்கெழுத்தாளர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து வருவார்கள். முன்னவர் எழுந்து போவதற்குள் அடுத்தவரின் பென்சில் ஓடத் தொடங்கியிருக்கும். எழுதியதை எடுத்துப்போய்த் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டு மறுபடியும் தன் முறைக்கு வந்து நிற்க வேண்டும். ஒருவர் பேசும்போது குறிப்பெடுப்பது பெரிய விஷயமில்லை. நாற்பது பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது, யார் எதைச் சொன்னார் என்று பிடிக்க வேண்டும், பிடிக்க முடியாததை ‘குறுக்கீடுகள்’ என்று அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். வீட்டில் நான்கு பேர் சேர்ந்து பேசினாலே நமக்குத் தலை சுற்றுகிறது.

இன்னொரு வேடிக்கை. தலைவர் ஊழியர்களுக்கு நன்றி சொல்கிறாரே, அந்த நன்றியையும் எழுதிக்கொள்பவர் அந்த ஊழியர்தான். தனக்கான பாராட்டைத் தானே குறிப்பெடுத்து, தானே தட்டச்சு செய்து, பிழை பார்த்து அவைக்குறிப்பில் சேர்க்க வேண்டும். அப்போது அவர் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று நான் பார்ப்பதுண்டு. ஒன்றும் தெரியாது. அவர் பார்வை நோட்டை விட்டு நிமிராது.

அடுத்து, கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் மொழிபெயர்ப்பாளர்கள். 1964-ல் ஆங்கிலத்துக்கும் இந்திக்கும் இடையே உடனுக்குடன் மொழிபெயர்ப்பு தொடங்கியது. மற்ற மொழிகள் பின்னால் ஒவ்வொன்றாக வந்தன. நம் ஊர் உறுப்பினர் ஒருவர் தமிழில் பேச நினைத்தால் முன்கூட்டியே தகவல் கொடுப்பது வழக்கமாக இருந்தது. அப்போதுதான் கூண்டில் தமிழ் தெரிந்தவர் இருப்பார். நம்மவர்கள் சும்மா பேசுவார்களா? ஒரு குறள், ஒரு பழமொழி, எதிர்க்கட்சிக்கு ஒரு குத்தல், மூன்றும் ஒரே மூச்சில் வந்து விழும். தமிழ் புரிந்தவர்கள் சிரித்துவிடுவார்கள். காதில் கருவி மாட்டியவர்கள் மூன்று நொடி கழித்துச் சிரித்தால் கூண்டுக்குள் இருப்பவர் ஜெயித்துவிட்டார் என்று பொருள். 2019 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் யானை புகுந்த நெல்வயலைப் பற்றிய புறநானூற்றுப் பாடலைத் தமிழிலேயே சொல்லி, விளக்கத்தையும் தானே ஆங்கிலத்தில் சொன்னார். அன்று கூண்டுக்காரர் தப்பித்தார்.

சரி, இவர்களெல்லாம் யாருடைய ஊழியர்கள்? அரசாங்கத்தின் ஊழியர்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. இதற்குப் பின்னால் ஒரு போராட்டமே இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் மத்திய சட்டமன்றத்தின் ஊழியர்கள் அரசுத் துறைக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள். 1925-ல் அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட விட்டல்பாய் படேல் இதை ஏற்கவில்லை. அரசைக் கேள்வி கேட்கும் சபைக்கு அரசுக்குப் பயப்படும் குமாஸ்தாக்கள் எதற்கு என்பது அவர் வாதம். 1928-ல் மோதிலால் நேரு தீர்மானம் கொண்டுவர, 1929 ஜனவரியில் தனிச் செயலகம் பிறந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, ஒவ்வொரு அவைக்கும் தனிச் செயலகம் என்பதை அரசியலமைப்பின் 98-வது பிரிவு உறுதி செய்தது. அதனால்தான் அமைச்சருக்குச் சங்கடம் தரும் கேள்வியும் அச்சாகி மேசைக்கு வந்துவிடுகிறது. படேல் காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1929 ஏப்ரலில் பகத் சிங்கும் படுகேஷ்வர் தத்தும் அவைக்குள் குண்டு வீசிய பிறகு, சபைக்கென்றே ஒரு காவல் பிரிவை அவர் உருவாக்கினார். பிற்காலத்தில் அதன் பெயர் நாடாளுமன்றப் பாதுகாப்புப் பணி என்று மாறியது.

அந்தக் காவலர்களை நினைத்தால் 2001 டிசம்பர் 13-ல் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. அன்று இரு அவைகளும் ஒத்திவைக்கப்பட்டிருந்தன, ஆனால் உறுப்பினர்கள் நிறையப் பேர் உள்ளேயே இருந்தார்கள். உள்துறை அமைச்சக ஸ்டிக்கர் ஒட்டிய வெள்ளை அம்பாசடர் காரில் ஐந்து பயங்கரவாதிகள் வளாகத்துக்குள் புகுந்தார்கள். மத்திய ரிசர்வ் போலீஸின் கமலேஷ் குமாரி கையில் துப்பாக்கி இல்லாமல் பணியில் நின்றவர். சந்தேகப்பட்டு முதலில் குரல் எழுப்பியவர்களில் அவர் ஒருவர். அவை ஊழியர்களான இரண்டு காவலர்கள் கதவுகளை மூடவைக்க ஓடி, குண்டடிபட்டுச் செத்தார்கள். மூவருக்கும் பின்னர் அசோகச் சக்கர விருது கிடைத்தது. டெல்லி போலீஸார் ஐந்து பேரும் இறந்தார்கள். அப்புறம் ஒரு தோட்டக்காரர். செடிகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. கதவுகள் மூடப்பட்டதால் கொலைகாரர்கள் கட்டடத்துக்குள் நுழைய முடியவில்லை. உள்ளே இருந்த ஒரு உறுப்பினருக்கும் கீறல் இல்லை.

ஆண்டுதோறும் அந்த நாளில் தலைவர்கள் மலர் தூவுகிறார்கள். 2023-ல் அதே தேதியில், காலையில் மலர் தூவி முடித்த பிறகு, புதிய கட்டடத்தில் பார்வையாளர் மாடத்திலிருந்து இரண்டு பேர் மக்களவைக்குள் குதித்துப் புகைக் குப்பிகளைத் திறந்தார்கள். செயலகப் பாதுகாப்பு ஊழியர்கள் எட்டுப் பேர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். பிழை நடந்தால் நடவடிக்கை வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் 2021 ஆகஸ்டில் மாநிலங்களவையில் உறுப்பினர்களே அதிகாரிகளின் மேசைமேல் ஏறி நின்றார்கள், மறுநாள் அவைக் காவலர்களோடு தள்ளுமுள்ளு நடந்தது. அந்தக் காவலர் யார்மேல் கை வைப்பார்? தள்ளினால் உறுப்பினரை அவமதித்தவர், ஒதுங்கினால் கடமை தவறியவர். இரண்டு பக்கமும் அடி வாங்குகிற அந்த ஆளுக்குத் தொடரின் முடிவில் ஒரு வரி நன்றி போதுமா என்று எனக்குத் தோன்றியதுண்டு.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரில் பழைய கட்டடத்திலிருந்து விடைபெறும்போது பிரதமர் மோடி, தேநீரும் தண்ணீரும் கொண்டுவந்தவர்களை, காகிதங்களோடு ஓடியவர்களை, தோட்டக்காரர்களை, சுத்தம் செய்தவர்களை எல்லாம் வேலையைச் சொல்லியே குறிப்பிட்டார். அரசியல் ரீதியாக அவரோடு உடன்படாதவர்களும் அந்தப் பகுதியைக் குறை சொல்ல மாட்டார்கள். ‘அதிகாரிகள், ஊழியர்கள்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்கும் ‘எனக்குத் தண்ணீர் கொடுத்தவர்’ என்று சொல்வதற்கும் இடையே நிறையத் தூரம் இருக்கிறது.

எனக்கு ஒரு குறை பாக்கி. கூடத்தைப் பெருக்குபவர்களும் கழிவறை கழுவுபவர்களும் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். செயலகத்தின் சம்பளப் பட்டியலில் இல்லாததால் ‘ஊழியர்கள்’ என்ற சொல்லுக்குள் அவர்கள் வருவதில்லை. ‘சார்ந்த பிற அமைப்புகள்’ என்பதற்குள் தேடிப்பார்த்தால் ஒருவேளை கிடைக்கலாம். தலைவரின் நிறைவுரைக்குக் குறிப்பு தயாரித்துக் கொடுப்பது செயலகம்தான். தன்னைத் தானே பாராட்டி எழுத அதற்குக் கூச்சம் இருக்கும், புரிகிறது. துப்புரவுத் தொழிலாளர்களுக்காக ஒரு வரி கூடுதலாக எழுதுவதில் என்ன கூச்சம்? இந்தத் தொடரிலேயே எழுதலாம்.

கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கு நன்றி. வணக்கம்.