தொலைந்த நாயும் தெருவில் தெரிந்த ஆளும்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் சென்னை நங்கநல்லூர்க்காரன். எங்கள் பகுதியில் காணாமல் போகும் வளர்ப்பு நாய், பூனைகளைத் தேடிக் கொடுப்பது, தெருவில் அடிபட்டுக் கிடப்பவற்றை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது, இதற்காக ஒரு சின்னக் குழு வைத்திருக்கிறோம். குழு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அலுவலகம் கிடையாது, வண்டி கிடையாது. ஒரு வாட்ஸ்அப் குழு, ஒருவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இரண்டு பூனைக் கூண்டு, பழைய போர்வைகள் ஒரு மூட்டை. அவ்வளவுதான் சொத்து. ஓய்வு பெற்ற என்னைப் போன்றவர்கள், கல்லூரி மாணவிகள், ஓர் ஆட்டோ ஓட்டுநர், தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் ஓர் அண்ணன், இவர்கள்தான் ஆட்கள்.

புதிதாகச் சேர வருகிறவர்களில் பலர் தவறாமல் ஒன்று சொல்வார்கள். "எனக்கு மனுஷங்களைவிட நாய்ங்களைத்தான் சார் பிடிக்கும்." அப்படிச் சொன்னவர்கள் பெரும்பாலும் அதிக நாள் தாங்கவில்லை. காரணம் எளிது. இந்த வேலையில் முக்கால் பங்கு மனிதர்களோடு பேசுவதுதான்.

ஒரு நாய் தொலைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி சமயத்தில்தான் இது அதிகம். மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாயின் காது 40,000-க்கும் மேலே போகும். நமக்கே காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும் வெடி அதற்கு எப்படி இருக்கும்! கேட் லேசாகத் திறந்திருந்தால் போதும், ஓடிவிடும். உடனே வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு போவார். பயந்துபோன நாய்க்கு அந்த நேரத்தில் தன் பெயரே காதில் ஏறாது. வளர்த்தவரைப் பார்த்தே ஓடும் நாய்கள் உண்டு. இதைச் சொன்னால் வளர்த்தவர்களுக்கு மனசு கேட்காது. "என்னைப் பார்த்தா ஓடும்?" என்பார்கள். ஓடும், அம்மா. துரத்தினால் இன்னும் ஓடும்.

நாங்கள் முதலில் செய்வது விடியற்காலை ஆட்களைப் பிடிப்பது. நாலு மணிக்கு ஆவின் பால் இறக்குகிறவர், பேப்பர் போடும் பையன்கள், தூய்மைப் பணியாளர்கள், அடுக்குமாடிக் காவலாளிகள், பூக்கட்டும் அம்மா. ஒளிந்திருக்கும் நாய், தெரு அடங்கிய பிறகுதான் வெளியே வரும். அந்த நேரத்தில் தெருவில் இருப்பவர்கள் இவர்கள்தான். எந்தத் தெரு நாய் எந்தத் திருப்பத்தைத் தாண்டாது, புதிதாக வந்தது எது, எல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. கம்பத்தில் ஒட்டிய நூறு சுவரொட்டியைவிட இவர்களில் ஒருவர் மேல்.

போன வருடம் ஒரு பெரியவரின் நாட்டு நாய் ஓடிவிட்டது. பெயர் டைகர், பெயருக்கும் சுபாவத்துக்கும் சம்பந்தமில்லை. பழவந்தாங்கல் ரயில்வே பாதையோரம், நின்றிருந்த ஒரு லாரிக்கு அடியில் படுத்திருக்கிறது என்று பால்காரர்தான் சொன்னார். போனோம். கண் மட்டும் தெரிகிறது. பிஸ்கட் காட்டினால் இன்னும் உள்ளே நகர்கிறது. பெரியவர் கூப்பிட்டுப் பார்த்தார், திட்டிப் பார்த்தார், கண் கலங்கினார். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் எங்கள் மாணவி ஒருத்தி அவரைக் கேட்டாள், "தாத்தா, சாப்பாடு எதுல போடுவீங்க?" வீட்டிலிருந்து அந்த நசுங்கிய அலுமினியத் தட்டை எடுத்துவரச் சொல்லி, எல்லோரையும் பத்தடி தள்ளிப் போகச் சொன்னாள். பெரியவர் மட்டும் லாரிக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்து, கரண்டியால் தட்டின் விளிம்பில் தட்டினார். தினமும் தட்டுகிற அதே தட்டல். கொஞ்ச நேரத்தில் டைகர் தவழ்ந்து வந்து அவர் முழங்கைக்கு அடியில் மூக்கை நுழைத்தது. ரயில் ஒன்று தடதடவென்று போனது, அது கண்டுகொள்ளவே இல்லை.

பூனை விஷயம் நேர் எதிர். அது தூரம் போகாது. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கிடைத்த பூனைகளில் முக்கால்வாசி, காணாமல் போன இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்தான் இருந்திருக்கின்றன. எங்கள் அனுபவமும் அதுவே. மோட்டார் அறை, மீட்டர் பெட்டிக்குப் பின்னால், பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது பூட்டிவிட்டுப் போன மாடி அறை. பசித்தாலும் வாயைத் திறக்காது. இரவு பதினொரு மணிக்கு மேல் டார்ச்சை உங்கள் கண் உயரத்தில் பிடித்துத் தேடுங்கள். இருட்டில் இரண்டு கண்கள் பளிச்சென்று மின்னும். ஆனால் அடுத்த வீட்டு வளாகத்துக்குள் அந்த நேரத்தில் டார்ச்சோடு போக வேண்டுமென்றால், அந்த வீட்டுக்காரரிடம் பகலிலேயே நல்ல வார்த்தை பேசி வைத்திருக்க வேண்டும். திருடன் என்று கூச்சல் போட்டால் பூனையும் போச்சு, மானமும் போச்சு.

இதில் ஏமாற்றுக்காரர்களும் இருக்கிறார்கள். "உங்க நாய் என்கிட்ட இருக்கு, முதல்ல ஜிபே பண்ணுங்க" என்று தொலைபேசி வரும். வீடியோ அழைப்பில் நாயைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் இணைப்பு உடனே துண்டிக்கப்படும். அதேபோல் நீங்கள் ஒரு நாயைக் கண்டெடுத்தால், அதன் அடையாளம் எல்லாவற்றையும் போட்டுவிடாதீர்கள். வயிற்றில் ஒரு மச்சம், பின்காலில் ஒரு தழும்பு, ஏதாவது ஒன்றை மறைத்து வையுங்கள். உரிமை கோரி வருகிறவர் அதைச் சொல்லட்டும்.

உரிமை கோரி யாருமே வராத நாய்களும் உண்டு. கழுத்தில் காலர் தடம் இருக்கும், உட்காரச் சொன்னால் உட்காரும், யாரும் தேட மாட்டார்கள். குட்டி போட்டுப் போட்டு ஓய்ந்த லாப்ரடார், சென்னை வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டபடி நிற்கும் ஹஸ்கி. தொலைந்ததல்ல, விடப்பட்டது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி இது குற்றம். இந்த வகை ஆட்களிடம் மட்டும் எனக்குப் பொறுமை குறைவு. இப்போது சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியிருக்கிறது. தோலுக்கு அடியில் அரிசி மணி அளவுக் கருவி, அதில் 15 இலக்க எண். சிப் இருந்தால் விட்டவரையும் கண்டுபிடிக்கலாம், தொலைத்தவரையும் கண்டுபிடிக்கலாம். ஆனால் சிப்பைப் படிக்கத் தனிக் கருவி வேண்டும். பால்காரரிடம் அது இல்லை. ஆகவே காலரிலேயே தொலைபேசி எண்ணை அழியாத மையில் எழுதிவிடுங்கள்.

தெரு நாய்களைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. "உங்களாலதான் தெருவில நடக்க முடியல" என்று எங்களைத் திட்டுகிறவர்கள் நிறைய. அவர்களை எதிரியாக நினைக்கும் தன்னார்வலர்களை எனக்குப் பிடிக்காது. பேரனை நாய் கடித்துவிட்டது என்று ஒரு பாட்டி கத்தினால், முதலில் கேட்க வேண்டியது "சோப்புப் போட்டுக் கழுவினீங்களா?" என்பது. ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டும். ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம். நாய்க்குப் பரிந்து பேசுவதெல்லாம் பிறகு.

பிறகு பேசுவதற்கும் விஷயம் இருக்கிறது. பிடித்து, கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறையை ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்போடு சேர்ந்து சென்னை மாநகராட்சி 1996-லேயே தொடங்கிவிட்டது. நாடு முழுவதற்குமான விதிகள் 2001-இல் வந்தன, 2023-இல் புதுப்பிக்கப்பட்டன. காதில் சிறு வெட்டு இருந்தால் அந்த நாய்க்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று அர்த்தம். 2025 ஆகஸ்டில் தில்லிப் பகுதி நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், பதினோரு நாளில் அதை மாற்றி, ரேபிஸ் உள்ளவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைத் திரும்ப அதே பகுதியில் விடச் சொன்னது. நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றை மட்டும் அங்கேயே திரும்ப விடக் கூடாது என்றது. இதையெல்லாம் தெருவில் நின்று நிதானமாகச் சொல்ல ஆள் வேண்டும். சோறு வைக்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டும்: குழந்தைகள் விளையாடும் இடத்திலோ அடுத்தவர் வாசலிலோ வைக்காதீர்கள், விதியே அதைத் தடுக்கிறது.

சேர விரும்புகிறவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டு, ரேபிஸ் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். அடிபட்ட நாய், எவ்வளவு சாதுவானாலும், வலியில் கடிக்கும். வாய்க்கு ஒரு துணிக்கட்டு போட்டுவிட்டுத்தான் தூக்க வேண்டும். நீங்களாக மாத்திரை எதுவும் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்குப் பாராசிட்டமால் விஷம். கால் முறிவு போன்ற பெரிய பிரச்சினை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகிறோம். காத்திருக்கப் பொறுமை வேண்டும், ஒரு பாட்டில் தண்ணீரும் வேண்டும்.

நாயைத் தொடத் தெரிந்திருக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை. எங்கள் குழுவில் ஓர் அம்மா இருக்கிறார். சின்ன வயதில் நாய் கடித்ததால் இன்றைக்கும் குட்டியைக் கண்டால்கூட நாற்காலியில் ஏறிவிடுவார். புகார் தொலைபேசிகளை எல்லாம் அவரிடம்தான் கொடுத்திருக்கிறோம். கத்துகிறவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் "எனக்கும் பயம்தாங்க" என்று ஆரம்பிப்பார். எதிர்முனையில் குரல் உடனே இறங்கிவிடும். கருத்தடைக்கு வண்டி வரும் நாளில் நாயைப் பிடிக்க உதவ வருகிறவர்களில், அவரிடம் முதலில் சண்டை போட்டவர்கள்தான் அதிகம்.

நன்றி, வணக்கம்.