டோய்ரான் ஏரியும் கொசுவும்

வணக்கம் நேயர்களே. போர் நினைவுச்சின்னம் என்றதும் குண்டு, பீரங்கி என்றுதான் மனசு போகும். இன்று நான் பேசப்போவது கொசுவைப் பற்றி.

கிரேக்கமும் வடக்கு மாசிடோனியாவும் பங்குபோட்டுக்கொண்ட ஏரி டோய்ரான். கிரேக்கப் பக்கத்துக் கரையோரக் குன்றில், கற்சிங்கங்களோடு ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. ராபர்ட் லோரிமர் வடிவமைத்து, 1926 செப்டம்பரில் திறந்தது. முதல் உலகப் போரில் அந்தச் சீமையில் இறந்து, புதைத்த இடம்கூடத் தெரியாமல் போன 2,000-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் படையினரின் பெயர்கள் அதில் இருக்கின்றன.

சரி, கொசு எங்கே வந்தது? 1915 அக்டோபர் முதல் 1918 நவம்பர் வரை அந்தப் படையில் சண்டையில் மடிந்தவர்கள் சுமார் 2,800 பேர். காயம்பட்டு இறந்தவர்கள் 1,400. நோயில் போனவர்கள்? 4,200. கூட்டிப் பாருங்கள், சரிக்குச் சரி! 1918-இல் உலகமெங்கும் பரவிய விஷக்காய்ச்சலும் (இன்ஃப்ளூயன்சா) இதில் சேர்த்திதான். ஆனால் வருஷக்கணக்கில் படையைப் படுக்கவைத்தது மலேரியா. தினமும் மலேரியா மருந்தான கொய்னா விழுங்க வேண்டும். இரவுக் காவலுக்கு நிற்கிறவருக்கு முகத்தில் வலை, கையில் உறை. கோடைப் புழுக்கத்தில் அப்படியே துப்பாக்கி பிடிக்க வேண்டும்!

இங்கேதான் ரொனால்டு ராஸ் வருகிறார். 1897-இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தாரே, நோபல் பரிசுகூட வாங்கினாரே, அவரேதான். 1917-இல் ஆலோசகராக அவரையே, இந்தப் படையின் தளமான சலோனிக்காவுக்கு (இன்றைய கிரேக்கத் துறைமுகம் தெசலோனிக்கி) அனுப்பினார்கள். வழியில் அவர் போன கப்பல் டார்பிடோ தாக்குதலில் தப்பியது தனிக்கதை. காரணம் தெரிந்து இருபது வருஷம், கண்டுபிடித்தவரே நேரில் வந்தாயிற்று. அப்புறம் ஏன் அடங்கவில்லை? எதிரிகளான பல்கேரியர்கள் மேட்டில், இவர்கள் பள்ளத்தில். குண்டு விழும் தூரத்தில் இருக்கிற சதுப்பை யார் போய் வடிப்பது? நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: மருந்தும் அறிவும் இருந்தாலும், போர் அவற்றைப் பயன்படுத்த விடாது. இத்தனைக்கும் ஊரில் இருந்தவர்கள் இவர்களை ‘சலோனிக்காத் தோட்டக்காரர்கள்’ என்று கேலி பேசினார்கள், மண்ணைக் கிளறுவதைத் தவிர வேலையில்லையாம்!

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கை காட்டுகிறார்கள். கடைசிச் சண்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1918 செப்டம்பர் 18, 19 தேதிகளில் பிரிட்டிஷ், கிரேக்கப் படைகள் மோதியும் பல்கேரியரின் குன்றுகள் விழவில்லை. மேற்கே டோப்ரோ போலே என்ற இடத்தில் பல்கேரியரின் அணி உடைந்ததால், அவர்களாகவே காலிசெய்து போனார்கள். மாதக் கடைசியில் பல்கேரியாவுடன் போர்நிறுத்தம் கையெழுத்தானது. வணக்கம்.