முதலாளி டிபியோட ஒரு மெசேஜ் வந்தா?

[திரை: வாட்ஸ்அப் சாட். வரி வரியா மெசேஜ் விழுது.]

குரல்:
"இது என் புது நம்பர். ஜிஎஸ்டி ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கேன், போன் பண்ணாதே. ஒரு பார்ட்டிக்கு அவசரமா ரெண்டு லட்சம் போடணும். அக்கவுண்ட் நம்பர் அனுப்புறேன்."

டிபியில முதலாளி படம். ஏலகிரி போனப்ப எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டாரே, அதே படம்தான். யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்.

ஆம்பூர்ல ஷூ அப்பர் தைக்கிற ஒரு சின்ன யூனிட். அங்க கணக்கு பார்க்கிற பொண்ணுக்கு இந்த மெசேஜ் வருதுன்னு வச்சுக்குங்க. சந்தேகம் வரும். ஆனா ரெண்டு தடவை போன் பண்ணினா "ஒரு வேலையும் உருப்படியா தெரியாதா"ன்னு திட்டு விழும்னும் தெரியும். பணத்தைப் போட்டுடும். திருடன் நம்பி இருக்கிறது அந்த பயத்தைத்தான். பாஸ்வேர்டு எல்லாம் அவனுக்குத் தேவையே படலை.

அதனால இந்த வீடியோவை முதலாளிங்களும் பாருங்க. அடுத்த சம்பள நாள்ல எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க: "நானே கேட்டாலும் பழைய நம்பருக்கு போன் அடிச்சுக் கேட்டுட்டுத்தான் பணம் போடணும். கேட்டதுக்காக திட்ட மாட்டேன்." சொன்னபடி நடந்துக்கவும் வேணும், அதுதான் கஷ்டம்.

[திரை: ஒரு மெயில். அனுப்புனர் முகவரி பெரிசாகுது.]

அடுத்தது இன்னும் நயமா வரும். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் தோல் கெமிக்கல் வாங்குற கம்பெனி. வழக்கமா சரக்கு தர்ற பார்ட்டிகிட்ட இருந்து மெயில்: "எங்க பேங்க் மாறியிருக்கு, இனிமே இந்த அக்கவுண்டுக்குப் போடுங்க." பில் நம்பர் சரி, தொகையும் சரி. ரெண்டு பேர்ல ஒருத்தரோட மெயில் பாஸ்வேர்டு முன்னாடியே திருடு போயிருக்கும். திருடன் அந்த மெயிலுக்குள்ள உட்கார்ந்து எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் எழுதுறான்.

முகவரியை உத்துப் பாருங்க. ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்துல 'ஆர்', 'என்' ரெண்டும் ஒட்டி நிக்குது. சின்ன எழுத்துல கண்ணுக்கு 'எம்' மாதிரியேதான் தெரியும். சில சமயம் அசல் முகவரியில இருந்தே வரும், அப்ப உத்துப் பார்த்தும் பிரயோஜனம் இல்லை. அக்கவுண்ட் மாறினதுன்னா, அந்த மெயில்ல இருக்கிற நம்பரை விட்டுட்டு, உங்க பழைய பில்லுல இருக்கிற நம்பருக்குக் கூப்பிட்டுக் கேளுங்க.

நெஃப்ட், ஆர்டிஜிஎஸ்ல பேர் என்ன எழுதினாலும் பணம் அக்கவுண்ட் நம்பரைப் பார்த்துத்தான் போகும். அதுக்காகவே, அனுப்புறதுக்கு முன்னாடி அந்த அக்கவுண்ட் யார் பேர்ல இருக்குன்னு காட்டுற வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள்ள கொண்டுவரச் சொல்லி ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டுச்சு. கம்பெனி பேருக்குப் பதிலா யாரோ தனி ஆள் பேர் வந்தா அங்கேயே நிறுத்துங்க. இத்தாலிக்கோ சீனாவுக்கோ அனுப்புற பணத்துக்கு இந்த வசதி உதவாது. அங்க போன் மட்டும்தான் காவல்.

[திரை: லாட்ஜ் ரிசப்ஷன்.]

வேலூர்ல பாபு ராவ் தெரு, காந்தி ரோடு பக்கம் லாட்ஜ்ல வேலை பார்க்கிற தம்பிங்களுக்கு: சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு நிறைய பேர் வங்காளம், வடகிழக்குன்னு தூரத்துல இருந்து வர்றாங்க, பாஷை தெரியாது. அதனால இந்தியில போன் வந்தா உங்களுக்குச் சந்தேகம் வராது. "மிலிட்டரி ஆபீசர் பேசுறேன், நாலு ரூம் வேணும், அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணு"ன்னு இந்தியில ஒரு குரல். பணம் வர்றதுக்கு ஸ்கேனும் வேணாம், யுபிஐ பின்னும் வேணாம். பின் கேட்டாலே உங்க பணம் வெளிய போகுதுன்னு அர்த்தம். பணம் கட்டின ஸ்கிரீன்ஷாட் காட்டினா, சவுண்ட் பாக்ஸோ பேங்க் மெசேஜோ சொல்றவரைக்கும் சாவியைக் கொடுக்காதீங்க.

நோயாளிங்க ஆதார் படத்தை உங்க சொந்த போன் கேலரியில சேர்த்து வைக்கிற பழக்கம் இருக்கே, அதையும் விடுங்க. போன் தொலைஞ்சா அத்தனை பேர் விவரமும் போச்சு.

ஆர்டிஓ சலான், கல்யாணப் பத்திரிகைன்னு வாட்ஸ்அப்ல ஏபிகே ஃபைல் (போன்ல ஆப் ஏத்துற ஃபைல்) வந்தா தொடாதீங்க. பத்திரிகைக்கு யாரும் ஆப் போட வேண்டியதில்லை.

[திரை: 1930]

பணம் போயிடுச்சா? உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் போடுங்க. 2019-ல வேலூர் மாவட்டம் பிரிஞ்ச பிறகு ஆம்பூர் திருப்பத்தூர்ல வருது, ஆற்காடு ராணிப்பேட்டையில வருது. எந்த ஸ்டேஷன்னு யோசிக்கிறதை எல்லாம் அப்புறம் வச்சுக்கலாம். திருடன் கை மாத்துறதுக்குள்ள சொன்னா, அந்தப் பணத்தை இருக்கிற அக்கவுண்ட்லயே முடக்கி வைக்க வழி இருக்கு.

"போன பணத்தை சம்பளத்துல பிடிப்பேன்"னு ஒரு முதலாளி மிரட்டி வச்சிருந்தா, அங்க வேலை பார்க்கிற பையன் சாயங்காலம் வரைக்கும் வாயே திறக்க மாட்டான். அதுக்குள்ள பணம் நாலு அக்கவுண்ட் தாண்டியிருக்கும்.

கூப்பிடும்போது பரிவர்த்தனை எண், தொகை, நேரம், எந்த பேங்க்னு கையில வச்சுக்குங்க. சாட்டையும் மெயிலையும் அழிக்காதீங்க, பயத்துல போனை ரீசெட் பண்ணாதீங்க. புகார் எண் கிடைச்சதும் அதை எழுத்துல உங்க பேங்க் கிளைக்கும் கொடுத்துடுங்க.