வெயில் ஏறட்டும், கழுகு வரும்

நேயர்களுக்கு வணக்கம்.

பறவை பார்க்கப் போவதென்றால் கோழி கூவுவதற்கு முன்னால் எழுந்து ஓட வேண்டும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. மற்றப் பறவைகளுக்கு அது சரி. கழுகும் வல்லூறும் பார்க்கப் போகிறவர்கள் வீட்டில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பலாம். பெரிய கழுகுக்கு இறக்கையை அடித்து அடித்துப் பறப்பது கடுமையான உழைப்பு. பாறையும் தரையும் சூடாகி வெப்பக்காற்று எழும்ப ஆரம்பித்ததும் அதில் ஏறிக்கொண்டு, இறக்கையை விரித்தபடியே வட்டமடித்து உயரே போய்விடும். காலை 9 மணியிலிருந்து 11 மணி வரை அதற்கு நல்ல நேரம்.

சரி, எங்கே போவது? கேட்டவுடன் முதுமலை, டாப்சிலிப் என்றுதான் வாயில் வருகிறது. அடர்ந்த மரங்களுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் கிளைதான் தெரியும். வானம் திறந்து கிடக்கிற ஊர்ப்புறம் வேண்டும், இரையும் வேண்டும், உட்காரப் பாறையும் வேண்டும். இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் என்று மதுரைக்கு வடகிழக்கே, மேலூர்ப் பக்கம் இருக்கும் அரிட்டாபட்டியைச் சொல்வேன்.

ஊரைச் சுற்றி ஏழு குன்றுகள். அடிவாரத்தில் கண்மாய்கள், வயல்கள், முள்ளும் புதருமான மேய்ச்சல் நிலம். 2022 நவம்பரில் தமிழக அரசு அரிட்டாபட்டியையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேருக்குச் சற்று மேலான பரப்பைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட முதல் இடம் இதுதான். அங்கே சுமார் 250 வகைப் பறவைகள் இருப்பதாகக் கணக்கு. அவற்றில் அறிவிப்பிலேயே பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டவை மூன்று வேட்டைப் பறவைகள்: ஷாகின் வல்லூறு, லகுடு வல்லூறு, ராஜாளி என்று நாம் சொல்லும் போனெல்லி கழுகு.

ஷாகினைத் தேட வேண்டியது வானத்தில் இல்லை, பாறை முகத்தில். தலை கறுப்பு, வயிறு செங்காவி. செங்குத்துப் பாறையின் விளிம்பில் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். குச்சி பொறுக்கிக் கூடு கட்டுகிற வழக்கமே அதற்குக் கிடையாது. பாறைத் திட்டில் அப்படியே முட்டையிடும். புறாவோ கிளியோ கீழே பறந்தால்தான் அதற்கு உயிர் வரும். இறக்கையை மடக்கிக்கொண்டு பாய்கிற வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டக்கூடியது. உலகத்திலேயே வேகமான பறவை என்று சொல்கிறோமே பொரி வல்லூறு, அதன் நம்மூர் வகைதான் இது.

ராஜாளி வேறு மாதிரி. பெரும்பாலும் ஜோடியாகத் திரியும், சேர்ந்தே வேட்டையாடும். வெள்ளை வயிறு, அதில் கறுப்புக் கீற்றுகள். திரும்பும்போது முதுகில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். லகுடு வல்லூறுதான் சிரமம். வறண்ட வெட்டவெளியை நம்பி வாழ்கிற பறவை. இந்தியா முழுக்கவே குறைந்துவிட்டது. தென்படாவிட்டால் மனம் தளர வேண்டாம்.

மழைக்காலம் முடிந்து கண்மாய் நிறைந்திருந்தால் கரையில் உட்காருங்கள். வடக்கே வெகு தூரத்திலிருந்து குளிருக்கு வரும் சேற்றுப் பூனைப்பருந்து, இறக்கையை மேல்நோக்கி லேசாக வளைத்தபடி கோரைப்புல்லை ஒட்டித் தாழப் பறக்கும். அது வந்தால் நீர்க்கோழியும் தாராவும் கலைந்து ஓடுவதை வைத்தே தெரிந்துகொள்ளலாம். காக்கையும் கரிச்சானும் ஒரே இடத்தில் கத்திக்கொண்டு துரத்தினாலும் அங்கே ஏதோ வேட்டைப் பறவை இருக்கிறது என்று அர்த்தம். என்னைக் கேட்டால், நல்ல பைனாகுலரைவிட இந்தக் கரிச்சான் பெரிய உதவி. பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8 மடங்கு பெரிதாக்குவது போதும். அதற்கு மேல் போனால் கை நடுங்குவதும் பெரிதாகத் தெரியும்.

நிறத்தைப் பார்த்துக் குழம்பாதீர்கள். உச்சி வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான். உருவத்தைப் பாருங்கள். இறக்கை நுனி கூராக இருந்தால் வல்லூறு. அகலமாக, நுனியில் இறகுகள் விரல் விரலாகப் பிரிந்திருந்தால் கழுகு. வால் நடுவில் பிளந்திருந்தால் கரும்பருந்து. வட்டமாக இருந்தால் செம்பருந்து. வயலுக்கு மேலே, காற்றில் ஆணி அடித்து மாட்டியது போல ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கிற வெள்ளைப் பறவை கருந்தோள் பருந்து. எலிகளைத் தின்று விவசாயிக்கு உதவுகிற ஜீவன்.

போகிற வழியில் மின்கம்பங்களையும் பார்த்துக்கொண்டே போங்கள். வைரி என்கிற சிறிய வேட்டைப் பறவை, பருந்து எல்லாம் அதில் உட்காரும். பார்த்ததும் வண்டியை விட்டு இறங்கிவிடுவார்கள் நம் ஆட்கள். இறங்கிய நொடியே பறவை போய்விடும். ஓரமாக நிறுத்தி, ஜன்னல் வழியாகவே பாருங்கள். வண்டிக்கு அது அவ்வளவாகப் பயப்படுவதில்லை.

வீட்டில் பறவையில் ஆர்வமில்லாதவர்களையும் அரிட்டாபட்டிக்குக் கூட்டிப் போகலாம். முற்காலப் பாண்டியர் குடைந்த சிவன் கோயில் இருக்கிறது, அங்கே சிவனின் வடிவமாகக் கருதப்படும் இலகுலீசரின் சிற்பம் இருக்கிறது. சமணத் துறவிகள் தங்கிய கற்படுகையும், தமிழ் பிராமி என்றும் சொல்லப்படும் பழைய தமிழி எழுத்துக் கல்வெட்டும் இருக்கின்றன.

இந்தப் பகுதியை உள்ளடக்கிய நிலத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு 2024 நவம்பரில் ஏல முடிவு வந்ததும், மேலூர் வட்டார மக்கள் திரண்டு எதிர்த்ததும் உங்களுக்குத் தெரியும். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. குன்று போய்விட்டால் ஷாகினுக்கு மாற்று வீடு கிடையாது. மரம் நட்டு வளர்க்கலாம். பாறையை நட முடியுமா?

கடைசியாக ஒரு வேண்டுகோள். மார்கழியில் தொடங்கிக் கோடை வரைக்கும் இவை குஞ்சு வளர்க்கிற காலம். கூடு இருக்கிற பாறைப் பக்கம் ஏறாதீர்கள், ட்ரோன் விடாதீர்கள். கூட்டின் படத்தை இடத்தோடு யாருக்கும் அனுப்பாதீர்கள். பெற்ற பறவை விலகியிருக்கும் கொஞ்ச நேர வெயில் போதும், குஞ்சு செத்துப்போக. எங்கே நின்று பார்க்கலாம் என்று ஆடு மேய்ப்பவர்களைக் கேளுங்கள், காட்டித் தருவார்கள். தண்ணீரும் தொப்பியும் நீங்களே கொண்டு போய்விடுங்கள். குன்றின் மேல் கடை கிடையாது.

நன்றி, வணக்கம்.