பிள்ளையின் கைக்கு எட்டும் அலுமாரி

வானொலி நேயர்களுக்கு அன்பான வணக்கம். பிள்ளைகளின் உடுப்பு அலுமாரியை ஒழுங்காக வைத்திருப்பது பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். இதுவும் ஒரு விடயமா என்று சிலர் நினைக்கக்கூடும். பாடசாலை நாளில் காலை ஆறரை மணிக்கு ஒற்றைக் காலுறையைத் தேடி அலைந்த தாய்மார் அப்படி நினைக்க மாட்டார்கள்.

"பிள்ளைக்கு அடுக்கி வைக்கிற பழக்கமே இல்லை" என்பது நம் வீடுகளில் ஓயாத முறைப்பாடு. என் எண்ணத்தில், பிழை பெரும்பாலும் அலுமாரியில்தான் இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளையின் உயரம் ஏறத்தாழ 110 சென்ரிமீற்றர். பெரியவர்களுக்கென்று செய்த அலுமாரியில் உடுப்புக் கொழுவும் கம்பி அந்தப் பிள்ளை கையை உயர்த்தினாலும் எட்டாத இடத்தில் இருக்கும்போது, எடுத்ததைத் திரும்பக் கொழுவி வை என்று சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது? தரையிலிருந்து 90 முதல் 100 சென்ரிமீற்றர் உயரத்தில் இன்னொரு கம்பியைப் பொருத்துவது தச்சருக்கு அரை மணி நேர வேலை. அன்றாடம் உடுப்பவை கீழ்த்தட்டிலும், கோயிலுக்கும் கொண்டாட்டத்துக்கும் உரியவை மேல்தட்டிலும் இருந்தால், பிள்ளை யாரையும் கூப்பிடாமல் தானே எடுத்துத் தானே வைக்கும்.

அடுத்தது, மடிப்பு. சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பிள்ளைக்குப் பிடித்த சட்டை எப்போதும் அடியில்தான் கிடக்கும். அதை இழுத்ததும் அடுக்கு முழுவதும் சரிந்துவிடும். அதே சட்டைகளைச் சிறிதாக மடித்து, லாச்சியிலோ பழைய சப்பாத்துப் பெட்டியிலோ புத்தகங்களைப் போல வரிசையாக நிறுத்தி வைத்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், ஒன்றை எடுத்தாலும் மற்றவை அசையாது. ஒருமுறை உடுத்து, இன்னும் அழுக்காகாத உடுப்புக்குக் கதவின் பின்னால் இரண்டு கொளுக்கிகள் போதும். அதற்கென்று ஓர் இடம் இல்லாத வீட்டில்தான் அது கதிரையில் குவிகிறது.

இவ்வளவும் செய்தாலும், உடுப்பு அளவுக்கு மிஞ்சி இருந்தால் எந்த ஒழுங்கும் நிலைக்காது. இரண்டு வயதுக்குப் பின், பருவமடையும் காலம் வரை பிள்ளை ஆண்டுக்கு ஐந்து, ஆறு சென்ரிமீற்றர் வளர்கிறது. ஆகவே இந்தத் தீபாவளிக்கு அளவாக எடுத்த சட்டை அடுத்த தீபாவளிக்கு முழங்கைப் பக்கம் ஏறிவிடுகிறது, ஆனாலும் அலுமாரியை விட்டு இறங்குவதில்லை. கனடாவிலிருந்து மாமி அனுப்பிய கம்பளிச் சட்டையைத் திருகோணமலை வெயிலில் எந்தப் பிள்ளை போடப்போகிறது? அன்பின் அடையாளம் என்று ஒன்றை வைத்துக்கொள்ளலாம், மூன்று வேண்டாம். தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி என்று புதிது வரும் ஒவ்வொரு தடவையும், பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிறுத்துப்போனவற்றைப் பிரித்தெடுத்து, நல்ல நிலையில் இருக்கும்போதே உறவில் உள்ள சின்னப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவது நல்லது.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல், ஈரம். ஐப்பசியில் தொடங்கும் வடகீழ்ப் பருவமழை தை வரை நீள்கிறது. அந்த மாதங்களில் காற்றே நனைந்திருப்பதால், மூடிய அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடிக்கிறது, வெள்ளைச் சீருடையில் கரும்புள்ளி விழுகிறது. அரைகுறையாய்க் காய்ந்த ஒரு காற்சட்டை போதும், அந்தத் தட்டு முழுவதும் நாறுவதற்கு. கடலில் குளித்துவிட்டு வந்த பிள்ளையின் உடுப்பை நன்னீரில் அலசாமல் காயப்போட்டால், துணியில் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல் தோன்றும், இரண்டு நாளில் மணம் காட்டிக் கொடுக்கும். அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரலாவது தள்ளி வையுங்கள். மழை விட்ட நேரங்களில் கதவுகளைத் திறந்து விடுங்கள். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடியில் உடுப்பு முழுவதையும் வெளியே எடுத்து, தட்டுகளைத் துடைத்து, வெயில் காட்டுங்கள்.

பூச்சிக்கு நப்தலீன் உருண்டை போடும் வழக்கத்தை மட்டும் பிள்ளைகளின் அலுமாரியில் கைவிட வேண்டும். இனிப்பென்று நினைத்துச் சிறுபிள்ளைகள் அதை வாயில் போட்டுக்கொள்வதுண்டு. ஜி6பிடி என்னும் நொதியம் குறைவாக உள்ள குழந்தைக்கு, அந்த உருண்டையுடன் வைத்த உடுப்பை உடுத்துவதாலேயே குருதிச் சிவப்பணுக்கள் சிதைந்து, கடும் மஞ்சட்காமாலை ஏற்படலாம். கற்பூரமும் விழுங்கினால் நஞ்சுதான். நன்றாகத் துவைத்து, முழுமையாகக் காய்ந்த துணியைப் பூச்சி அவ்வளவாக நாடுவதில்லை. வேண்டுமானால் நிழலில் உலர்த்திய வேப்பிலையைத் துணியில் முடிந்து, பிள்ளைக்கு எட்டாத மூலையில் வைக்கலாம்.

அலுமாரியைப் பிள்ளையின் கைக்கு விடும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லாச்சிகளைப் படியாக்கி ஏறுவது பிள்ளைகளின் இயல்பு, அப்போது உயரமான அலுமாரி முன்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். பாரமானவற்றைக் கீழே வைத்து, அந்த நாலு விரல் இடைவெளியை விட்டபடியே அலுமாரியின் மேற்பகுதியை இரண்டு இரும்புத் தகடுகளால் சுவரோடு பிணைத்துவிடுங்கள். கீழ்க் கம்பியைப் பொருத்த வரும் தச்சரிடமே அன்றே இதையும் சொல்லிச் செய்வித்துக்கொள்ளலாம். வணக்கம்.